ஓவர்டைம் பாட்டின் கடைசி ஒன்றரை நிமிடம்

சேக்காடு, ஆவடி
ஜூலை 18

அன்புள்ள ராபியாவுக்கு,

இங்கே தண்ணீர் வருகிறது, மின்சாரம் இருக்கிறது, கூரை ஒழுகவில்லை. ஆகவே நலம் என்றே எழுதுகிறேன். மஸ்கட் வெயிலில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று தெரிவி.

கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன மாதம் உனக்குச் சொந்த விஷயம் ஒன்று எழுதி அனுப்பினேன். மூன்றே நிமிடத்தில் ஒரு சிவப்பு இதயமும் ஆடுகிற கரடி ஒன்றும் பதிலாக வந்தன. முப்பது வருடப் பழக்கத்தில் நீ எனக்கு இதயம் அனுப்பியதில்லை. உன் கைபேசி பாதி நேரம் உன் மகள் ரூஹியிடம் இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. குரல் செய்தி அனுப்பினாலோ, நீ அதைச் சமையல் மேடையில் வைத்து வீடு முழுக்கக் கேட்கும்படி ஓடவிடுகிறாய். ரூஹி நல்ல பெண்தான். ஆனால் இதை அவள் படிக்கக் கூடாது. கிழித்துப் போடு என்றால் கிழிக்க மாட்டாய். அரிசி டப்பாவிலாவது வை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் வந்த பதவி. மூன்றாம் மாடியில் கோதண்டம் என்று ஒருவர் இருக்கிறார். அண்ணனூரில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஷெட்டில் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. எங்கள் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால், எதையும் கழற்றாமல் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். நான் நம்பவில்லை. பதினான்கு முறை குறித்து வைத்தேன். பதின்மூன்று முறை சரியாகச் சொன்னார். பதினான்காவது முறை மின்சாரமே இல்லை.

ஆனி மாதக் கடைசி நாள் அவருடைய தங்கை விஜி, பழமும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். மொட்டை மாடியில் வடகம் காயவைக்க அனுமதி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, மாடியைப் பயன்படுத்தும் விதிகளைச் சொல்லத் தொடங்கினேன். அவள் ஏழு விதிகளையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, நாளைக்கு ஆடி பிறந்துவிடும், நல்ல பேச்சு எடுக்க முடியாது, அதனால்தான் ஓடிவந்தேன், எங்கள் அண்ணனுக்கு உங்களைக் கேட்கிறோம் என்றாள். ஆடி போகட்டும், ஆவணியில் பதில் சொன்னால் போதும் என்றாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். சாத்துக்குடி நன்றாக இருந்தது.

நான் எதற்கும் சம்மதிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நேற்று என் இன்வெர்ட்டரில் ஒரு சத்தம் கேட்டது. உண்மையாகவே கேட்டது, சிரிக்காதே. பார்க்க வந்த கோதண்டம், அலமாரியில் இருந்த நம் கேசட்டை எடுத்தார். மேலே உன் கையெழுத்தில் ‘மூணாம் ஷிப்ட், 1996’ என்று இருந்தது.

“இன்னா மேடம், எந்தக் கம்பெனி யூனியன் மீட்டிங்கு இது?”

நான் விளக்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு அது. ஆயுத பூஜைக்கு லாரி மேல் நின்று வாசிப்பார்கள். மெட்ராஸ் பாஷையில் பாடுவார்கள். மொத்தமே பதினேழு பாட்டு. பிறகு திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். இணையத்தில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. இன்றைக்கு அவர்களுக்கு உலகத்தில் இரண்டே ரசிகைகள், அதில் ஒருத்தி மஸ்கட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிக்கூட நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இன்வெர்ட்டரை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

பிறகு சொன்னார்: “கோயில் ஸ்பீக்கர்ல வர்றதத் தவிர எனக்குப் பாட்டே தெரியாது மேடம். அஞ்சே அஞ்சு பாட்டு பொறுக்கிக் குடுங்க, கேக்கறேன். ஆனா புடிக்கலைன்னா புடிக்கலைன்னுதான் சொல்லுவேன். கோச்சுக்கக் கூடாது.”

நீ இப்போது விரல் விட்டு எண்ணுவாய் என்று தெரியும். ஆம், இந்தக் கேசட்டைக் கேட்கப்போகிற ஐந்தாவது ஆள். முதல் மாப்பிள்ளை, எந்தத் தொழிற்சாலை மூடியதற்காக அழுகிறார்கள் என்று கேட்டார். இரண்டாமவர் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். மூன்றாமவர் தாளம் போட்டார், தப்பாக. நான்காமவர் தனக்கும் ராக் என்றால் உயிர் என்று சொல்லிவிட்டு, பாட்டு முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அவரைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. பாட்டைப் போட்டு ஆளை விரட்டுகிறாய் என்று அப்போதே சொன்னாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை பாட்டுகளை நீ தேர்ந்தெடுத்தால் நல்லது.

சிக்கல் இதுதான். உன் நிக்காஹ்வுக்குப் பிறகு இரண்டாவது கேசட்டை நீ கொண்டுபோய்விட்டாய். என்னிடம் இருப்பது ஒன்பது பாட்டு. இனிமையானதாக ஐந்து பொறுக்கினால், குழு அப்படிப்பட்டது என்று அவர் நம்பிவிடுவார். புள்ளியியல் கணக்கில் அது பொய்யான மாதிரி (சாம்பிள்); கல்லூரியில் என் மாணவிகள் செய்தால் மதிப்பெண் போட மாட்டேன். உள்ளபடி ஐந்து கொடுத்தால் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போய்விடலாம். ராத்திரிக் கடைசி மின்சார ரயிலைப் பற்றிய ‘கடைசி யூனிட்’ முதலில் வரட்டும் என்பது என் எண்ணம், ரயில்காரர் அல்லவா. ‘சைரன்’ பாட்டின் நடுவில் வரும் கெட்ட வார்த்தை வேறு கவலையாக இருக்கிறது. சங்கத் தலைவர் வீட்டுக்கு நேர் மேலேதான் அவர் வீடு.

யோசித்து ஐந்தைச் சொல். வரிசையும் சொல். ஆகஸ்ட் நடுவில் ஆடி முடிகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறாதே.

என்றும் உன்
தாட்சாயிணி


சேக்காடு
ஆகஸ்ட் 3

அன்புள்ள ராபியா,

கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தது சந்தோஷம். பின்னால் குக்கர் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. அது யார் என்று நான் கேட்கவில்லை.

உன் பட்டியலில் இருந்த ஐந்தும் தாலாட்டுப் போன்றவை. ‘ஓவர்டைம்’ பாட்டைக் கண்ணில்கூடக் காட்டாதே, பதினொரு நிமிஷம், அதில் முதல் நாலு நிமிஷம் வெறும் லேத் சத்தம், மனுஷன் பயந்து ஓடிவிடுவார் என்று கெஞ்சினாய். நீ சொன்னதை மதித்து மூன்றை வைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்துவிட்டு ‘சைரன்’ சேர்த்தேன். இன்னொன்றை எடுத்துவிட்டுக் கடைசியில் ‘ஓவர்டைம்’ வைத்தேன். அது இல்லாமல் அந்தக் குழுவைப் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அதை எப்படி நம்புவது?

கேசட்டை பென் டிரைவில் ஏற்ற, அம்பத்தூர் ஓ.டி.யில் நாகப்பன் கடைக்கே போனேன். நமக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த அதே ரெக்கார்டிங் சென்டர்தான், இப்போது செல்போன் உறையும் கண்ணாடியும் விற்கிறார். எழுபது தாண்டிவிட்டது. பழைய டெக்கைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். கேசட்டைக் கையில் வாங்கியதும், “இன்னும் இதக் கேட்டுகினு கீறியாமா?” என்றார், யாருக்கோ தீராத நோய் இருப்பதை விசாரிப்பதுபோல.

பென் டிரைவை நான் போட்டுப் பார்க்காமலே கோதண்டத்திடம் கொடுத்தேன். கேட்டால் பட்டியலை எட்டாவது முறை மாற்றிவிடுவேன் என்று பயம். தரவைச் சரிபார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதே என்று இருபத்து மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மோட்டார் அறைப் பக்கம் வந்தார். கையில் இரண்டு தாள். ஷெட்டில் பெட்டிகளைச் சோதித்து எழுதும் படிவம் ராபியா, அதே படிவம். இடப்பக்கம் பாட்டின் பெயர், நடுவில் ‘கண்ட குறை’, வலப்பக்கம் ‘எடுக்க வேண்டிய நடவடிக்கை’.

‘கடைசி யூனிட்’: பாட்டில் ஓடுகிற ரயில் நிஜ ரயில்தானாம், ஆனால் மூன்றாவது பெட்டியில் ஒரு சக்கரம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறதாம். நடவடிக்கை: உடனே கழற்ற வேண்டும். ‘உப்புத் தண்ணி லாரி’: குறை இல்லை, தூங்கிவிட்டேன். ‘பஞ்சிங் கார்டு’: டிரம் வாசிக்கிறவர் மற்றவர்களுக்கு முன்னால் ஓடுகிறார், வீட்டில் அவசரம் போலிருக்கிறது. ‘சைரன்’: கெட்ட வார்த்தை சரியான இடத்தில் இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. முன்னால் வந்த நாலு மாப்பிள்ளைகளும் ஒரு பாட்டைக்கூட இப்படிக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்து அவர் இரண்டாவது தாளை எடுத்தார். ‘ஓவர்டைம்’ என்று தலைப்பு. கீழே எதுவும் எழுதவில்லை.

“மொதல்ல ஒண்ணும் புரியல மேடம். லேத்து ஓடுது, ஓடிக்கினே கீது, இவன் இன்னாத்துக்கு ஊட்டுக்குப் போவாம கெடக்கறான்னு கடுப்பாயிட்டேன். அப்பறம் எல்லாம் நின்னுப் போயி, கடைசில அந்தம்மா கொரல் வருது பாருங்க. கூழு ஆறுது, இன்னும் இன்னா வேல, வந்துடேன்னு. அதையும் முழுசாப் பாடி முடிக்கல. பாதில கட் ஆயிடுது.” கொஞ்ச நேரம் மோட்டாரையே பார்த்தார். “எங்க ஊட்லயும் அப்டித்தான் மேடம்” என்றார். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி ஏறிப் போய்விட்டார்.

நான் மோட்டார் அறையிலேயே நின்றேன். எந்த அம்மா? மூணாம் ஷிப்ட்டில் ஏது பெண் குரல்?

நம் கேசட்டில் ‘ஓவர்டைம்’தான் கடைசிப் பாட்டு, உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வேம்புலியம்மாள்!

டேப் காலியாக ஓடினால் கடைக்கு ஆகாது என்று நாகப்பனுக்கு ஒரு கொள்கை உண்டே. கேசட்டில் மிச்சம் இருக்கும் இடத்தில் எல்லாம் மாங்காட்டிலிருந்து வந்த தன் மாமியார் வேம்புலியம்மாளின் ஆடிக்கூழ் பாட்டைப் போட்டு நிரப்புவார். புது மைக்கைச் சோதிக்க ஒரு தடவை பிடித்தது. ஊரெல்லாம் என் பாட்டைக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாள் அடம் பிடித்ததால் நிரந்தரமானது. அந்தக் காலத்தில் அம்பத்தூரில் எந்த வீட்டுக் கேசட்டைப் போட்டாலும், கல்யாணப் பாட்டோ ஆங்கிலப் பாட்டோ, கடைசியில் அந்த அம்மாள் அம்மனைக் கூழ் குடிக்கக் கூப்பிடுவாள்; டேப் தீர்ந்ததும் பாதி வரியில் அறுந்துபோவாள்.

ஆக, பதினேழு பாட்டு பாடிய குழுவுக்கு இல்லை, நாகப்பனின் மாமியாருக்குத்தான் அந்த மனிதர் கண் கலங்கியிருக்கிறார்.

என்ன செய்வது என்று சொல். உண்மையைச் சொன்னால், ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்ன மனிதரைப் பார்த்து, ஐயா, அது கேசட்டை நிரப்பப் போட்டது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஒரு தப்பின் மேல் நான் ஆவணியில் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாளாக மோட்டார் அறைப் பக்கமே போகவில்லை. அவர் ஷெட்டில் எல்லோருக்கும் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். வர ஞாயிறு கூழ் ஊற்றும்போது தெரு ஸ்பீக்கரில் பதினொரு நிமிடத்தையும் போடப்போகிறார்களாம். விஜி லிப்ட்டில் எட்டுப் பேர் முன்னால் என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். நான் மூன்றாம் மாடியில் இறங்க வேண்டியவள்போல இறங்கிவிட்டேன். அது அவர்கள் மாடி.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், உடனே பதில் போடு. அறிவுரை வேண்டாம், வழி சொல்.

உன்
தாட்சா


சேக்காடு
ஆகஸ்ட் 14

அன்புள்ள ராபியா,

நீ போனில் சொன்னதை முதலில் முழுக்க மறுத்தேன். அறிவு மழுங்கிவிட்டதா, நீயே இரண்டு வருஷம் அது அந்தக் குழுவின் பாட்டு என்றுதானே நம்பிக்கொண்டிருந்தாய், நாகப்பன் என்னிடம் சொல்லி, நான் உன்னிடம் சொன்னபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லையே என்றாய். அப்படி ஒரு வாரம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை என்றேன்.

அரை மணி நேரத்தில் என் கைபேசிக்கு வரிசையாகப் படங்கள் வந்தன. நம் கல்லூரித் தமிழ் மன்ற மலர். ‘அறுந்துபோகும் பெண்குரல்: ஓர் உத்தி’, எழுதியவர் தாட்சாயிணி, இரண்டாமாண்டு புள்ளியியல். நாலு பக்கம். உழைப்பவனின் இரைச்சலுக்குப் பிறகு, அவனுக்காகக் காத்திருப்பவளின் குரலைப் பாதி வரியில் நிறுத்தியதில்தான் இந்தக் குழுவின் மேதைமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அதை அச்சிலும் ஏற்றியிருக்கிறார்கள். கடைசிப் படத்தின் அடியில், விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் ஆறு. அனுப்பியது நீ இல்லை. அரிசி டப்பா பத்திரமான இடம் என்று நினைத்தது என் தவறு.

அன்று முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் காலை, கணக்குப்படி யோசித்தால் என்ன என்று தோன்றியது. அந்தக் கேசட்டை நான் போட்டுக் காட்டியவர்கள் ஐந்து பேர். நாலு பேர் அந்த இடம்வரை வரவே இல்லை. ‘ஓவர்டைம்’ முடிந்து, அமைதியாக டேப் ஓடி, அதற்கப்புறம் வருகிற ஒன்றரை நிமிடம்வரை காது கொடுத்தவர் ஒருவர்தான். மாதிரி சிறியது. முடிவு செய்யப் போதாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கூழ் ஊற்றும் ஞாயிறு வருவதற்கு முதல் நாள் மோட்டார் அறைக்குப் போனேன். வாயால் சொல்வதற்கு முன், கைபேசியில் அந்த நாலு பக்கத்தையும் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே கடைசி வரிவரை படித்தார். பிறகு நாகப்பனின் கொள்கையைச் சொன்னேன். மாமியாரைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், பிரஷர் மானியைப் பார்த்துச் சொன்னேன். அதில் முள் ஆடிக்கொண்டே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்: “அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் தப்பு பண்ணிக்கீறோம்.”

நான் ஆமாம் என்றேன். சங்கக் கூட்டத்தில்கூட நான் அவ்வளவு சுருக்கமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

மோட்டாரை நிறுத்தினார். கை துடைத்தார். “மொத்தம் பதினேழுன்னீங்க. மிச்சம் பன்னெண்டு கீது. அதக் குடுங்க மேடம். அந்தம்மா வராட்டியும் பரவால்ல, கேக்கறேன்.”

தெருவில் பாட்டுப் போடுவதை அவர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்கே ‘ஓவர்டைம்’ கேட்டது. நாலாவது நிமிடத்தில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வேம்புலியம்மாள் குரல் வந்ததும், வரிசையில் நின்ற ஒரு கிழவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இந்த அம்மா எங்க ஊட்டு நிச்சயதார்த்தக் கேசட்டுலயும் பாடும் என்றார். அதற்கென்று கோதண்டம் நாகப்பனையும் வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார். உங்கள் மாமியார் பாட்டைக் கேட்டு ஒருவர் அழுதாராம் என்று நான் சொன்னேன். “நானும் அழுதுக்கீறேன்மா, பதினெட்டு வருசம். அது வேற” என்றார்.

மற்ற செய்திகள். லிப்ட் மறுபடி நின்றுவிட்டது. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. இன்வெர்ட்டர் சத்தம் போடுவதை விட்டுவிட்டது, கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது வீடு. விஜி கூப்பிடுகிற பெயரைத் திருத்துவதை நானும் விட்டுவிட்டேன்.

இனி ஒரு வேண்டுகோள். உன்னிடம் இருக்கும் இரண்டாவது கேசட் எனக்கு வேண்டும். தபாலில் அனுப்பாதே, வெயிலில் டேப் சுருண்டுவிடும். நீயே கையில் கொண்டு வா. செப்டம்பர் பதினைந்து, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குள் நீ ஆவடியில் இருக்க வேண்டும். பதிவு அலுவலகம் ஒன்றில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் அது முப்பது நாள் தொங்க வேண்டும் என்பது விதி. ஆவணிக்குள் முடிக்க நாள் போதாது என்பதால் ஆடியிலேயே கொடுத்துவிட்டோம். விஜிக்கு இன்னும் தெரியாது, ஆவணி பிறந்ததும் சொல்வோம். அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட மூன்று பேர் வேண்டுமாம். விஜி ஒருத்தி, நாகப்பன் ஒருவர். மூன்றாவது இடத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை.

முட்டியைக் காரணம் காட்டாதே. அலுவலகம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ரூஹி படித்தால் படிக்கட்டும்.

உன்
தாட்சா